கழிமுகமும் பக்கத்துக் காடும்: ஒரே நாளில் எதை எப்போது பார்ப்பது?

நத்தைகுத்தி கேட்டது:

இடத்தின் அமைப்பு இது. ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். உள்பக்கம் அகலமான சேற்றுப் படுகை, கடலை ஒட்டி நீளமான மணல்திட்டு, ஆற்றின் ஒரு கரையில் அலையாத்தி மரங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புதரும் உயர்ந்த மரங்களும் கலந்த காடு.

காலை 6 மணிக்குக் கழிமுகத்துக்குப் போனால் சில நாள் பறவைகள் எல்லாம் எங்கோ தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. சில நாள் சேறே இல்லை, வெறும் தண்ணீர்தான். அங்கே முடித்துவிட்டு 9 மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தால் ஒரு சத்தமும் இல்லை. கேள்விகள்:

எதை முதலில் பார்ப்பது? கையில் 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முகப்புக்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) மட்டும்தான், ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) இல்லாமல் கரைப்பறவைகளைப் பார்ப்பது வீண் வேலையா? பழுப்பு உள்ளான்கள் (சேற்றில் அலகால் குத்தி மேயும் கரைப்பறவைகள்) எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, எங்கே தொடங்குவது? மணல்திட்டின் நுனிவரை நடந்துபோகலாமா?

---

ஓதக்கணக்கு:

கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புவதுதான் சிக்கல். காட்டுப் பறவைக்குச் சூரியன் கணக்கு, கழிமுகப் பறவைக்கு நிலா கணக்கு. சூரியன் தினமும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு வரும், ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது) வராது. அதனால் முதலில் ஓதத்தைக் கணக்குப் போடுங்கள், காட்டை மிச்ச நேரத்தில் பொருத்துங்கள்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும் கரையாக இருந்தால் ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு சுமார் 12 மணி 25 நிமிடம். எனவே ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஏற்றம் எப்போதும் ஏறத்தாழ ஒரே மணிக்குத்தான் வரும். அந்த ஒரு நேரத்தைக் குறித்து வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை நாட்காட்டியில் உள்ள திதியே சொல்லிவிடும். ஒரு திதிக்கு 48 நிமிடம் கூட்டுங்கள்.

உதாரணமாக, உங்கள் முகத்துவாரத்தில் அமாவாசையன்று காலை ஏற்றம் 9 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். துவிதியையில் 10.36. பஞ்சமியில் பகல் 1 மணி. அஷ்டமியில் பிற்பகல் 3.24, அதாவது அன்று காலை 9 மணி வாக்கில் முழு வற்றம். பதினைந்து திதி கழித்து 12 மணி நேரம் தள்ளிப்போய்ப் பௌர்ணமியன்று மறுபடியும் 9 மணிக்கே வந்து நிற்கும். அரை மணி, சில நாள் ஒரு மணிவரைகூட முன்பின் இருக்கும், பறவை பார்க்க இந்தத் துல்லியம் தாராளம். துறைமுக ஓத அட்டவணை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அட்டவணையில் இருப்பது துறைமுகத்தின் நேரம். ஆற்றுக்குள் உள்ளே போகப் போக ஏற்றம் தாமதமாக வரும். ஒரு முறை ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் ஏறுவது எப்போது நிற்கிறது என்று பார்த்தால் உங்கள் இடத்துக்கான வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது, ஏற்றத்தின் எந்தக் கட்டத்தில் போய் நிற்பது. முழு வற்றத்தில் பறவைகள் படுகை முழுவதும் பரவி மேயும், நீங்கள் சொல்லும் புள்ளிகள் அவைதாம். முழு ஏற்றத்தில் சேறு மூடிவிடும், எல்லாம் ஓய்விடத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில், ஏற்றத்துக்கு 3 மணி முன்பிலிருந்து 1 மணி முன்பு வரை உள்ள நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. தண்ணீர் ஏற ஏறச் சேற்றின் பரப்பு சுருங்கும், பறவைகள் கடைசியாக மூழ்கும் மேட்டை நோக்கி நெருங்கி வரும். நீங்கள் அவற்றைத் தேடிப் போக வேண்டாம், தண்ணீர் அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் விடும்.

தண்ணீர் ஒரே சீராக ஏறாது. 6 மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3 வீதம், ஐந்தாவதில் 2, கடைசியில் 1. மூன்றாம், நான்காம் மணிகளிலேயே பாதித் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பறவைகள் வந்து இறங்கிய பிறகு நீங்கள் நடந்து போனால் அத்தனையும் எழும்பிவிடும்.

எந்த நாள்? அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பெரிய ஏற்றம் வரும். அஷ்டமியை ஒட்டி வரும் சிறிய ஏற்றத்தில் மேட்டுச் சேறு மூழ்காமலே நிற்கும், பறவைகள் சேரவே சேராது. அதே சமயம் மிகப் பெரிய ஏற்றத்தில் மணல்திட்டே மூழ்கிப்போனால் கூட்டம் மொத்தமும் பக்கத்து உப்பளத்துக்கோ இறால் பண்ணைக் கரைக்கோ போய்விடும். அந்த இடம் எது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மேலே சொன்ன 9 மணி உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், துவிதியை, திரிதியை நாட்கள் உங்களுக்கு வாகு. விடியலில் காடு, 8 மணிக்கு வெளியே வந்து 8.30-க்குள் கழிமுகம், 11 வரை அங்கேயே. அமாவாசையன்றேயானால் 6 மணிக்குக் கழிமுகம், காடு மாலையில். அஷ்டமி என்றால் காலை முழுவதும் காட்டுக்கு.

மணல்திட்டுக்கு நடப்பது பற்றி: பலர் கடல் பக்கத்து அலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆபத்து முதுகுப்பக்கம். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள தாழ்வான ஓடை, திட்டு மூழ்குவதற்கு வெகு முன்பே நிறைந்துவிடும். போகும்போது அந்த ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தாலே, ஏற்றத்தின் இரண்டாம் மணிக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். அல்லது போகாமல் கரையிலிருந்து பாருங்கள், அதுதான் பறவைக்கும் நல்லது. சேற்றில் கால் புதைந்தால் மற்றக் காலை ஊன்றி இழுக்காதீர்கள், அதுவும் புதையும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, புதைந்த காலை முன்னும் பின்னும் ஆட்டித் தண்ணீர் உள்ளே இறங்கவிட்டு மெல்ல உருவுங்கள். செருப்பு போனால் போகட்டும்.

---

முக்காலி:

ஓதக்கணக்கு சொன்ன கணக்கில் குறையில்லை, ஆனால் துவிதியை, திரிதியை யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது: கானல். வெயில் ஏறிய மணலுக்கு மேல் 9 மணிக்கே காற்று நெளியத் தொடங்கிவிடும். 11 மணிக்கு 200 மீட்டரில் நிற்கும் உப்புக்கொத்தியின் கால் நிறம் கடவுளுக்கும் தெரியாது. ஏற்றம் 8-லிருந்து 9 வரை வரும் நாள்தான் என் தேர்வு. மேலே உள்ள உதாரணப்படி சதுர்த்தசி, அமாவாசை. காட்டை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கானல் வந்துவிட்டால் உருப்பெருக்கத்தைக் கூட்டுவதில் பயனில்லை, நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். ஸ்கோப்பை 20 அல்லது 25-க்கு இறக்குங்கள். காய்ந்த மணலைக் கடந்து பார்ப்பதைவிடத் தண்ணீரையும் ஈரச் சேற்றையும் கடந்து பார்த்தால் நெளிவு குறைவு. தரையை ஒட்டித்தான் மோசம், ஒரு ஆள் உயர மேட்டிலிருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வெயிலுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதும் முக்கியம். காலையில் பறவைக் கூட்டத்துக்குக் கிழக்கே நின்று மேற்கே பாருங்கள், மாலையில் நேர்மாறு. எதிர்வெயிலில் சேறு பளபளக்கும், எல்லா உள்ளானும் கறுப்பாகத் தெரியும். கிழக்கே கடல் உள்ள கரையானால் காலை வெளிச்சம் கடல் பக்கத்திலிருந்து வரும், அதாவது ஆபத்தான அந்த மணல்திட்டிலிருந்து பார்ப்பவருக்கே அது சாதகம். கரையிலேயே நிற்பதானால் முகத்துவாரத்தின் வடக்கு அல்லது தெற்குக் கரையிலிருந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கலாம், அதுவும் போதும்.

8×42 வீண் இல்லை. அதன் கண்பக்கம் வெளிவரும் ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டர் (42-ஐ 8-ஆல் வகுத்தது), விடியலில் காட்டுக்குள் 10×42-ஐவிட வெளிச்சமாகத் தெரியும், கை நடுக்கமும் குறைவு. 60, 70 மீட்டர்வரை கரைப்பறவைகளுக்கும் அதுவே போதும், ஏற்றத்துக்கு முன்பே போய் உட்காரத் தெரிந்தவருக்குப் பாதி நாள் ஸ்கோப் தேவைப்படாது. அதற்கு மேல் தொலைவென்றால் ஸ்கோப்தான். 65 மில்லிமீட்டர் முகப்புக்கண்ணாடி கொண்ட ஸ்கோப்பை 60 மடங்குக்கு ஏற்றினால் ஒளிவட்டம் 1.1 மில்லிமீட்டருக்குச் சுருங்கிப் படம் மங்கும். அதனால் வாங்கும்போது மேல் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், 30 மடங்கில் கூர்மையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பைனாகுலரில் படம் எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே இருந்தால் பெரும்பாலும் கருவியில் குற்றமில்லை, இரு கண்ணுக்கும் சமன் செய்யாததுதான். வலது முகப்பைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். பிறகு நடுச் சக்கரத்தைத் தொடாமல் இடது முகப்பை மூடி, வலது கண்வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்தக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பையில் உரசித் தானாகத் திரும்பும். மூக்குக்கண்ணாடி போடுபவர் பைனாகுலரின் கண்குவளையை முழுவதும் உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் குழாய் வழியே பார்ப்பது போலிருக்கும்.

கடற்காற்றில் ஸ்கோப் ஆடினால் முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை விரித்து, தாழ்த்தி, தரையில் உட்கார்ந்து பாருங்கள். நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடலாம், ஆனால் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே ஊஞ்சலாடும்.

வீடு திரும்பியதும் கண்ணாடியைத் துணியால் துடைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உப்பும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். முதலில் காற்றூதி, பிறகு மென்தூரிகை, கடைசியில் துணி. நீர்புகாத வகையென்றால் குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டே கழுவலாம். முக்காலியின் கால் பூட்டுகளை நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லையென்றால் நாளடைவில் உப்பு பூத்து இறுகிவிடும். ஈரத்தோடு தோலுறைக்குள் மூடி வைத்தால் லென்சில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் போடுங்கள்.

---

உப்புக்கொத்தி:

பழுப்பு உள்ளான்களுக்கு வருகிறேன். நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். குளிர்கால உடையில் எல்லாமே மேலே சாம்பல் பழுப்பு, கீழே வெள்ளை. தொடங்க வேண்டிய இடம் நடை.

உப்புக்கொத்திகள் கண்ணால் தேடுபவை: நாலடி ஓடும், சட்டென நிற்கும், பார்க்கும், கொத்தும். பெரிய கண், குட்டை அலகு. உள்ளான்கள் அலகால் தடவித் தேடுபவை: தலையைத் தாழ்த்தியபடியே நடந்துகொண்டு தையல் ஊசிபோலக் குத்திக்கொண்டே போகும். அலகு நுனியில் தொடுவுணர்வு அதிகம், சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுவை அதனால்தான் பிடிக்கின்றன. இந்த ஒரு பிரிவினையைச் செய்துவிட்டால் பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

பிறகு அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள், அங்குலத்தில் யோசிக்க வேண்டாம். கர்லூவின் அலகு தலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, சீராக வளைந்து கீழே இறங்கும். விம்பரலுக்கு அவ்வளவு நீளமில்லை, நுனிப்பக்கம் ஒடித்து வைத்ததுபோல வளைவு, தலையில் கோடுகள், பறக்கும்போது வேகமாக ஏழெட்டு முறை ஒரே சுரத்தில் விட்டுவிட்டுக் கூவும். பச்சைக்காலிக்கு அலகு சற்றே மேல்நோக்கித் தடிப்பாக இருக்கும், பறந்தால் முதுகில் நீண்ட வெள்ளை ஆப்பு, மூன்று சுரம். கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் இன்னும் ஒல்லியாக, ஊசிபோல நேரான அலகோடு நின்றால் அது சதுப்பு உள்ளான். பவளக்காலிக்குக் காலைவிட இறக்கை நல்ல அடையாளம், சேறு அப்பிய கால் எந்த நிறத்திலும் இருக்கும். ஆனால் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வரும் அகலமான வெள்ளையை யாராலும் மறைக்க முடியாது. டெரிக் உள்ளான் மேல்வளைந்த அலகோடு நண்டைத் துரத்தி வெறிபிடித்ததுபோல ஓடும். அலை பின்வாங்கும்போது கூடவே ஓடி, வரும்போது திரும்பி ஓடும் வெளிறிய கூட்டம் சாண்டர்லிங். கல்லையும் பாசியையும் புரட்டிக்கொண்டிருப்பது கல்திருப்பி உள்ளான். வாலை ஆட்டிக்கொண்டே ஒதுக்குப்புறமாகத் தனியே நடப்பது சாதா உள்ளான், தோளுக்கு முன்னால் வெள்ளை ஆப்பு ஏறியிருக்கும்.

நிற்கும்போது குழப்புவதைப் பறத்தல் தீர்த்துவிடும். கிரே ப்ளோவரா கோல்டன் ப்ளோவரா (ப்ளோவர் என்றால் உப்புக்கொத்தி) என்ற குழப்பத்துக்கு அக்குளைப் பாருங்கள், கிரே ப்ளோவருக்கு அங்கே கறுப்புத் திட்டு உண்டு, கோல்டன் ப்ளோவருக்கு இல்லை. காட்விட் என்ற நீண்ட அலகுக் கரைப்பறவையில் கறுப்புவால் வகைக்கு இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை, வால் நுனி கறுப்பு. பட்டைவால் வகைக்கு இறக்கையில் அந்தப் பட்டை இல்லை, வாலில் வரிகள். அதனால் கூட்டம் எழும்பும் அந்த மூன்று வினாடியில் வாய்பிளந்து ரசிக்காமல், ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு இறக்கை, பிட்டம், வால் என்று மூன்றையும் பாருங்கள். (கூட்டத்தை நீங்களே எழுப்பிவிடுவது இதற்கு வழியல்ல. கீழே சொல்கிறேன்.)

சாண்ட் ப்ளோவர்களில் பெரியதா சிறியதா என்று ஒரு பறவையைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அலகின் நீளம் அலகடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தைத் தாண்டினால் பெரியது. ஏறக்குறைய சமமென்றால் சிறியது. பறக்கும்போது பெரியதன் விரல்கள் வாலுக்கு வெளியே நீட்டித் தெரியும். போதாக்குறைக்கு அண்மை ஆண்டுகளில் சிறியதையே சைபீரிய வகை, திபெத்திய வகை என இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். குளிர்கால உடையில் அவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம், இரண்டில் ஒன்று என்று எழுதிவிட்டு நகருங்கள். கழுத்தின் பின்னால் முழு வெள்ளைப் பட்டை இருந்தால் அது சாண்ட் ப்ளோவரே அல்ல, கென்டிஷ் ப்ளோவராக இருக்கலாம்.

அளவை நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கோப்பிலோ நீண்ட லென்சிலோ பார்க்கும்போது ஒரே அளவுள்ள இரு பறவைகளில் பின்னால் நிற்பது பெரிதாகத் தோன்றும். ஒப்பிடுவதானால் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தூரத்தில் நிற்பவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

மாதமும் உதவும். வடக்கே முட்டையிட்டுத் திரும்பும் முதிர்ந்த பறவைகள் ஆகஸ்டில் செம்பழுப்பு மிச்சத்தோடு வந்துசேரும், அந்த ஆண்டுக் குஞ்சுகள் முதுகில் செதில்போல ஓரம்வைத்த இறகுகளோடு பின்னால் வரும். மார்ச், ஏப்ரலில் மீண்டும் நிறம் ஏறும், உள்ளான் கற்க அதுவே இலகுவான காலம். ஜூனில் சாம்பல் உடையிலேயே மேய்ந்துகொண்டிருப்பவை பெரும்பாலும் வடக்கே போகாமல் தங்கிவிட்ட இளம்பறவைகள்.

ஆலாக்களுக்கு (தண்ணீர் மேல் பறந்து இரை பிடிக்கும் ஒல்லியான பறவைகள்) அலகு போதும்: மீனுக்குப் பாயாமல் சேற்றின் மேலேயே தாழப் பறந்து நண்டு பொறுக்கும் தடித்த கறுப்பலகு ஆலா கல்பில், சிவப்புக் கேரட் போன்ற அலகோடு எல்லோரையும்விடப் பெரியது காஸ்பியன், கறுப்பலகின் நுனியில் மட்டும் மஞ்சள் தொட்டிருந்தால் சாண்ட்விச். கடற்காகங்களை இங்கே தொடவில்லை. சில இனங்களுக்கு முழு உடை வர நான்கு ஆண்டு ஆகும், அதற்குத் தனித் திரி வேண்டும்.

எழுப்புவது பற்றி. ஓய்விடத்தில் ஒற்றைக்காலில் தூங்கும் பறவை முதலில் தலையை எடுக்கும், பிறகு மறு காலை ஊன்றும், பிறகு உங்களுக்கு முதுகு காட்டி நடக்கத் தொடங்கும். தலை தூக்கிய உடனேயே நீங்கள் நிற்க வேண்டும், நடக்கத் தொடங்கிவிட்டால் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். 100 மீட்டருக்கு உள்ளே போகாதிருப்பது நல்ல வழக்கம். 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் காட்விட் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. அப்படிப் பறக்கத் தேவையான கொழுப்பு இதுபோன்ற சேற்றில்தான் சேர்கிறது, ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. கூடு கட்டும் மாதங்களில் காய்ந்த மணல் மேட்டில் ஏறவே வேண்டாம், அலை நனைத்த ஈர மணலிலேயே நடங்கள். உப்புக்கொத்தி, சிற்றாலா முட்டைகள் மணலின் நிறத்திலேயே இருக்கும், தாய் எழுந்து போனால் உச்சி வெயிலில் முட்டை வெந்துவிடும்.

உங்கள் உதவி இல்லாமலே கூட்டம் அவ்வப்போது எழும்பும், கவலைப்படாதீர்கள். செம்பருந்து தலைக்கு மேல் போனால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மொத்தக் கூட்டமும் இறுகிப் பந்துபோலச் சுழன்றால் மேலே பாருங்கள், பைரி இருக்கும்.

---

கரிச்சான்:

காட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

9 மணிக்குச் சத்தமில்லை என்றால் காட்டில் பறவை இல்லை என்று பொருளல்ல. பாடும் நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். வெளிச்சம் வருவதற்கு அரை மணி முன்பே உள்ளே ஓரிடத்தில் நின்றுவிடுங்கள். இரவுப் பறவையான பக்கியின் கடைசிக் குரலும் ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கையும் அந்த அரையிருட்டில்தான். நடக்க வேண்டாம், காதால் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெயில் விழத் தொடங்கியதும் உட்காட்டை விட்டுக் கிழக்கு பார்த்த காட்டோரத்துக்கு வாருங்கள். முதல் வெயில் படும் இலைகளில் பூச்சி முதலில் சூடேறி எழும்பும், மின்சிட்டு, மாம்பழச்சிட்டு, கதிர்க்குருவி எல்லாம் அங்கே வரும். வெயில் உங்கள் முதுகிலும் இருக்கும்.

8 மணிக்குப் பிறகு பறவைகள் கலப்புக் கூட்டமாகத் திரியும். இருபது நிமிடம் ஒன்றும் இல்லாமல் இருந்து, திடீரென்று ஒரே மரத்தில் பத்து வகை. கரிச்சானின் குரலைக் கேட்டால் அந்தப் பக்கம் போங்கள், மற்றவை கிளப்பிவிடும் பூச்சியைப் பிடிக்க அது கூடவே வரும். கூட்டத்தின் பின்னால் ஓடினால் கலையும். அது போகும் திசையைக் கணித்து முன்னால் போய் அசையாமல் நின்றால் உங்களைக் கடந்து போகும். அரசவால் ஈப்பிடிப்பான் பெரும்பாலும் நடு உயரத்தில் இருக்கும், அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். பழுத்த ஆலமரமோ அத்தியோ இருந்தால் நடையை விட்டுவிட்டு அதன் கீழேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள், குக்குறுவானும் பச்சைப்புறாவும் மாங்குயிலும் அங்கே வந்தாக வேண்டும். பதிவுசெய்த குரலைப் போட்டு அழைக்காதீர்கள், கூடுகட்டும் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

அலையாத்தியை இரண்டு கணக்கிலும் சேர்க்கலாம். முழு ஏற்றத்தில் சேறு மூடியதும் விம்பரலும் டெரிக் உள்ளானும் அலையாத்திக் கிளைகளிலேயே ஏறி ஓய்வெடுப்பதைப் பார்க்கலாம், கழிமுகத்தில் காணாமல் போனவற்றை அங்கே தேடுங்கள். வற்றத்தில் மீன்கொத்திகள் ஓடை விளிம்புக்கு இறங்கி வரும். முக்காலி சொன்னதற்கு இதுதான் என் பதில்: ஏற்றம் 11 மணிக்கு இருந்தால் கானலில் மணலைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் 10.30-க்கு அலையாத்தி நிழலுக்கு வந்துவிடலாம்.

புதர்க்காட்டில் உண்ணி ஒட்டும். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள்.

---

நத்தைகுத்தி:

நன்றி, திதிக் கணக்கு பெரிய உதவி. இரண்டு சந்தேகம். வேனில் முடிவில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும், அப்போதும் இந்தக் கணக்கு செல்லுமா? இன்னொன்று, ஆயிரக்கணக்கில் இருக்கும்போது எப்படி எண்ணுவது? ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவில் போட வேண்டும்.

---

ஓதக்கணக்கு:

செல்லாது. வாய் அடைத்துவிட்டால் உள்ளே இருப்பது குளம்தான், ஓதம் ஏறாது. அப்போது பார்க்க வேண்டியது நீர்மட்டம். வெயிலில் மட்டம் இறங்க இறங்க ஓரத்தில் புதுச் சேறு தெரியும், அந்த விளிம்பில் கொசு உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் நாள் முழுக்க மேயும், எந்த நேரமும் போகலாம். மழை வந்து உள்ளே நீர் ஏறியிருக்கும் நாளில் மணல் தடுப்பின் மேல் மட்டும் நடக்காதீர்கள். உடைந்தால் சில நிமிடத்தில் அகலமான வாய்க்கால் ஆகிவிடும். ஓத வீச்சே ஒரு மீட்டருக்குக் குறைவான கரை என்றால் திறந்திருக்கும்போதும் காற்றைக் கவனியுங்கள், கடலிலிருந்து பலமாக வீசும் காற்று அட்டவணையில் இல்லாத ஏற்றத்தைக் கொண்டுவந்துவிடும்.

---

உப்புக்கொத்தி:

எண்ணுவதற்கு: கூட்டத்தின் ஓரத்தில் 10 பறவையை ஒவ்வொன்றாக எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பாருங்கள். அதை வைத்து 50 அல்லது 100 கொண்ட ஒரு கட்டத்தை மனதில் வரைந்து, கூட்டம் முழுக்க அந்தக் கட்டத்தை எத்தனை முறை வைக்கலாம் என்று எண்ணுங்கள். ஓரத்தில் சிதறலாகவும் நடுவில் நெருக்கமாகவும் இருக்கும், ஆகவே கட்டத்தை இரண்டு இடத்திலும் தனித்தனியாக அளவெடுங்கள். முதலில் மொத்தம். பிறகு ஸ்கோப்பைக் கூட்டத்தின் நடுவிலும் இரு ஓரத்திலும் நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் 100 பறவையில் எந்த இனம் எத்தனை என்று பிரித்து, அந்த விகிதத்தை மொத்தத்தில் பெருக்குங்கள். ஓரத்தில் மட்டும் மாதிரி எடுத்தால் தவறும், சிறிய உள்ளான்கள் விளிம்பிலும் பெரியவை ஆழத்திலும் நிற்கும். பறக்கும் கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதே வழக்கம், முடிந்தால் ஒரு படம் எடுத்து வீட்டில் எண்ணிச் சரிபாருங்கள்.

ஈபேர்டில் காட்டுக்கும் கழிமுகத்துக்கும் தனித்தனிப் பட்டியல் போடுங்கள், ஒரே காலை என்பதற்காகச் சேர்க்காதீர்கள். 30 மீட்டருக்குள் நின்றே பார்த்தால் அது நிலையான பட்டியல். நடந்தால் நடந்த தூரத்தை ஒருவழிக்கு மட்டும் கணக்கிடுங்கள், அதே வழியில் திரும்பியதைக் கூட்ட வேண்டாம். எண்ணாமல், எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் போடுவதைவிட 400 என்று ஒரு மதிப்பீடு போடுவது மேல்.

ஆய்வாளர்கள் காலில் வண்ணக்கொடி கட்டிய பறவை கண்டால் எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை: எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, இரண்டு கொடியென்றால் மேலே எந்த நிறம் கீழே எந்த நிறம், எழுத்து பொறித்திருக்கிறதா. நிறங்களின் வரிசையே எந்த நாட்டில் கட்டியது என்று சொல்லிவிடும். வெயிலில் வெளுத்த ஆரஞ்சு மஞ்சளாகத் தெரியும், உறுதியில்லையென்றால் உறுதியில்லை என்றே எழுதுங்கள்.